தீக்காய வார்டில் முதல் மாதம்: புதிதாக வரும் நர்ஸுக்கு

பர்ன்ஸ் வார்டில் போஸ்டிங் என்று ஆர்டர் வந்ததும் பாதிப் பேர் சூப்பிரண்டெண்ட் அறை வாசலில் போய் நிற்பார்கள். "வேற வார்டு ஏதாவது கிடைக்குமா மேடம்?" நானும் அப்படி நின்றவள்தான். கிடைக்கவில்லை. மூன்று மாதம் என்று போட்டது வருடங்களாக நீண்டுவிட்டது. வாடையும் அலறலும் இரண்டாவது வாரத்தில் பழகிவிடும். பழகக் கூடாத விஷயங்கள் சில உண்டு, இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றித்தான். தீ செய்கிற சேதம் நோயாளி நம்மிடம் வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஏற்படும் சேதத்தில் பெரும்பகுதி தண்ணீர் குறைந்ததால், உடம்பு குளிர்ந்ததால், தலைக்கு ஒரு தலையணை வைத்ததால் வருவது. இவை அத்தனையும் நர்ஸின் கையில் இருக்கின்றன.

கேஸ் உள்ளே வரும்போது

முதலில் காயத்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், கண் தானாக அங்கேதான் போகும். ஆனாலும் முகத்தருகே குனிந்து "உங்க பேர் என்னம்மா?" என்று கேளுங்கள். பதில் கரகரத்த குரலில் வந்தால் எச்சரிக்கை. மூக்கு முடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, பூட்டிய அறைக்குள் எரிந்ததா என்று பாருங்கள், கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். தொண்டை இப்போது திறந்திருக்கும், சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு மூச்சுக் குழாய் போடுவது பெரும்பாடு.

ஆக்சிஜன் மாஸ்க்கை முழு வேகத்தில் போடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள். புகையைச் சுவாசித்தவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மெஷினுக்கு ஆக்சிஜனுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே மூச்சு திணறிக்கொண்டிருக்க, வெளியே நம்பர் அழகாக இருக்கும்.

அடுத்தது துணியும் நகையும். எரிந்த துணியை வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். சிந்தெடிக் புடவை உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெட்டிவிட்டு மீதியை டாக்டருக்கு விடுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, குழந்தை என்றால் அரைஞாண் எல்லாவற்றையும் வந்த உடனேயே கழற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கை வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், சமயத்தில் விரலே போய்விடும். தாலியைக் கழற்றச் சொன்னால் அழுகை வரும், மாமியார் சண்டைக்கே வருவார். அவசரப்படுத்தாதீர்கள். "கழுத்து வீங்கும்மா, கயிறு இறுக்கிடும், வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கலாம்" என்று அந்தப் பெண்ணிடமே சொல்லுங்கள். கழற்றியதை எழுதி, உறவினரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இந்தக் கையெழுத்து இல்லாததால் அரை சவரன் கம்மலுக்காக வார்டே இரண்டு நாள் அல்லாடியதைப் பார்த்திருக்கிறேன்.

காயத்தின் மேல் என்னென்னவோ பூசிக்கொண்டு வருவார்கள். பற்பசை, இங்க், இட்லி மாவு, முட்டையின் வெள்ளைக்கரு, மஞ்சள், காப்பித் தூள். கோபப்படாதீர்கள், பதறிப்போய்க் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். சலைன் விட்டு மெதுவாகக் கழுவி எடுங்கள். எரிந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்திருந்தால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதால் இன்னும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். பெரிய காயம் என்றாலோ, சின்னக் குழந்தை என்றாலோ உடம்பு சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயத்தைக் குளிரவைக்க வேண்டும், ஆள் குளிரக் கூடாது. கழுவி முடித்ததும் சுத்தமான துணியால் மூடி, மேலே கம்பளி போர்த்துங்கள். டெட்டனஸ் ஊசி மறக்காதீர்கள்.

வெள்ளைக் களிம்பை, அதாவது சில்வர் சல்ஃபாடயசினை, டாக்டர் காயத்தைப் பார்க்கும் முன் பூசாதீர்கள். பூசினால் மேலே ஒரு படலம் படிந்து, காயம் எவ்வளவு ஆழம் என்பதே தெரியாமல் போகும். சல்ஃபா ஒவ்வாதவருக்கும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிக்கும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கும் அது கூடவே கூடாது.

எவ்வளவு எரிந்திருக்கிறது

கணக்கு எளிதுதான். பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, பிறப்புறுப்பு 1. குழந்தைக்குத் தலை பெரிது, கால் சின்னது. ஒரு வயதுக்குள் தலை மட்டுமே 18 வரும், ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 14தான். சிதறலான காயங்களுக்கு, விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை 1 சதவீதம். உங்கள் உள்ளங்கை அல்ல, நோயாளியுடையது. இரண்டு வயதுக் குழந்தையின் மேல் தன் கையை வைத்து அளந்த ஒரு பயிற்சி மாணவியை எனக்குத் தெரியும். வெறுமனே சிவந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கொப்புளமும் அதற்கு மேற்பட்டதும்தான் கணக்கு.

ஆழத்தை டாக்டர் சொல்வார், ஆனாலும் உங்கள் கண் பழக வேண்டும். இளஞ்சிவப்பாக, ஈரமாக, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால் மேலோட்டம், பெரும்பாலும் தானாக ஆறும். வெள்ளையாகவோ கருப்பாகவோ தோல் செருப்பு மாதிரி விறைத்து, தொட்டாலும் தெரியவில்லை என்றால் முழு ஆழம். "எனக்கு வலியே இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று 60 சதவீதம் எரிந்த ஒருவர் தெளிவாகப் பேசுவார். உறவினர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். அந்தத் தெளிவை நம்பி அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நரம்பு நுனிகள் எரிந்துபோனதால்தான் வலி தெரியவில்லை.

விறைத்த தோல் கையையோ காலையோ நெஞ்சையோ வளையமாகச் சுற்றி இருந்தால் மணிக்கொரு தரம் விரல் நுனியை அழுத்திப் பாருங்கள். நிறம் திரும்ப வர நேரமாகிறதா, விரல் சில்லென்று இருக்கிறதா, நாடி குறைகிறதா? உள்ளே வீங்குகிறது, வெளியே தோல் விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். இரவு இரண்டு மணியானாலும் டாக்டரை எழுப்புங்கள். தோலைக் கீறிவிட்டால் கை பிழைக்கும்.

தண்ணீர்க் கணக்கு

முதல் 24 மணி நேரத்தின் உயிர்நாடி இதுதான். எரிந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் சல்லடை மாதிரி ஒழுகும், ரத்தத்தின் நீர் திசுவுக்குள் இறங்கிவிடும். ஆள் பார்க்க ஊதிப்போயிருப்பார், ரத்தக் குழாய்க்குள் வறட்சி. அதை நிரப்பத்தான் ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம்.

அமெரிக்காவில் டாலஸ் நகரின் பார்க்லண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பல வார்டுகளில் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். 4 மி.லி., பெருக்கல் உடல் எடை, பெருக்கல் எரிந்த சதவீதம். வந்த தொகையில் பாதி முதல் 8 மணி நேரத்தில், மீதி அடுத்த 16 மணி நேரத்தில். இப்போது பல இடங்களில் 4க்குப் பதில் 2 மி.லி.யில் தொடங்கி, தேவைக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். உங்கள் யூனிட்டில் எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஒரு கணக்குப் போடலாம். 50 கிலோ எடையுள்ள பெண், 40 சதவீதம். 4 × 50 × 40 = 8000 மி.லி. பாதி, அதாவது 4000, முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். சரி, அந்த 8 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? பெட்டில் படுக்கவைத்த நேரத்திலிருந்து இல்லை, தீப்பிடித்த நேரத்திலிருந்து. காலை 6 மணிக்கு ஸ்டவ் வெடித்தது, நம்மிடம் வந்தது 10 மணி என்றால் கையில் இருப்பது 4 மணி நேரம்தான். வழியில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில், 1000 மி.லி., போயிருந்தால் அதைக் கழித்து மீதி 3000 மி.லி.யை 2 மணிக்குள் கொடுக்க வேண்டும், மணிக்கு 750. அதற்குப் பிறகு மணிக்கு 250, ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் பெரியவர்களுக்கான செட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 சொட்டு. இந்த வேகத்துக்குச் சின்ன ஊசி தாங்காது, பெரிய ஊசியாக இரண்டு லைன் வேண்டும். எரியாத தோலில் போடுவது நல்லது, இடமே இல்லாவிட்டால் எரிந்த தோல் வழியாகவும் போடலாம். அங்கே பிளாஸ்டர் ஒட்டாது, டாக்டரிடம் சொல்லித் தையல் போடச் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், இதே தப்பைச் செய்தேன். அட்மிஷன் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் எண்ணி ரொம்ப நேர்த்தியாக சார்ட் போட்டேன். மதியம் ரவுண்டு வந்த டாக்டர் சார்ட்டைப் பார்க்கவே இல்லை, நேராகக் குனிந்து சிறுநீர் சேரும் யூரோ பேக்கைப் பார்த்தார். அடியில் காப்பி நிறத்தில் கொஞ்சம். "இது எத்தனை மணி நேரத்து யூரின்?" என்றார். மூன்று மணி நேரத்தது. அவர் திட்டவில்லை, தானே சொட்டு வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து டியூட்டி ஏற்றவுடன் நான் முதலில் குனிந்து பார்ப்பது பெட்டுக்கு அடியில்தான்.

ஏனென்றால் சூத்திரம் தொடக்கத்துக்கு மட்டும்தான், உண்மையைச் சொல்வது சிறுநீர். பெரியவருக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி., அதாவது 30 முதல் 50 மி.லி. வர வேண்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மி.லி. குறைந்தால் டாக்டரிடம் சொல்லி வேகத்தைக் கூட்டுங்கள். 100, 150 என்று கொட்டினால் சந்தோஷப்படாதீர்கள், அளவுக்கு மேல் போகிறது என்று பொருள். நுரையீரலும் வயிறும் வீங்கும். மின்சாரம் தாக்கியவர் தனி ரகம். வெளியே உள்ளங்கையில் ஒரு சின்னக் கருப்பு ஓட்டை, உள்ளே தசை வெந்திருக்கும். சிதைந்த தசையின் நிறமி வந்து சிறுநீர் கறுப்பு டீ மாதிரி இருக்கும், சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும். அவருக்கு மணிக்கு 75 முதல் 100 மி.லி. வரவேண்டும். இ.சி.ஜி. மானிட்டரும் மாட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. "தாகமா இருக்கு சிஸ்டர், ஒரு வாய் தண்ணி" என்று ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கேட்பார்கள். முதலில் வயிறு வேலை செய்யாது, அள்ளிக் குடித்தால் வாந்திதான். டாக்டர் அனுமதித்த அளவை ஸ்பூனில் கொடுங்கள், ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருங்கள்.

எழுதும் விஷயம்

தீக்காய கேஸ் எல்லாமே கிட்டத்தட்ட போலீஸ் கேஸ்தான். விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவார். நீங்கள் நர்ஸ் குறிப்பில் எழுதும்போது "தற்செயலாக" என்றோ "தானே கொளுத்திக்கொண்டார்" என்றோ உங்கள் முடிவாக எழுதாதீர்கள். நோயாளி சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, நேரத்தோடு எழுதுங்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இருக்கும் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணைக்கு வருவார், கேஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரியும் படிக்கப்படும்.

மாஜிஸ்ட்ரேட் மரண வாக்குமூலம் வாங்க வந்தால், நோயாளி நினைவோடு பேசும் நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் சான்று தருவார். உறவினர் யாரும் திரைக்குள் நிற்காமல் பார்ப்பது உங்கள் வேலை. கணவர் வீட்டார் மட்டுமல்ல, அம்மா வீட்டாரும்தான். கடைசியாக வலி ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பது சார்ட்டில் துல்லியமாக இருக்கட்டும். மயக்கத்தில் பேசினாரா என்ற கேள்வி கோர்ட்டில் எழும்போது அந்த ஒரு நேரம்தான் பதில். ராத்திரி, யாரும் இல்லாதபோது, ஒரு பெண் உங்களிடம் வேறு கதை சொல்லலாம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்பார். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். கேளுங்கள், எழுதுங்கள், டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிரஸ்ஸிங்

மாற்று டிரஸ்ஸிங் நாள் வந்தால் காலையிலிருந்தே வார்டு அமைதியாகிவிடும். ட்ராலி சக்கரச் சத்தம் கேட்டதும் சிலருக்கு நாடித்துடிப்பு 130க்குப் போவதை மானிட்டரில் பார்க்கலாம். ஆகவே முதல் படி வலி மருந்து. மாத்திரை என்றால் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன்பே. மார்ஃபின் என்றால் ரத்தக் குழாய் வழியாக. எரிந்தவருக்கு வலி ஊசியைச் சதையில் போடக் கூடாது. ரத்த ஓட்டம் சரியில்லாத தசையில் மருந்து தேங்கி நின்று, பிறகு ஒரே அடியாக உள்ளே போகும். பெரிய டிரஸ்ஸிங்குக்கு மயக்க மருந்து டாக்டர் கெட்டமின் கொடுப்பார். வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை நோயாளியிடமே கேட்டு எழுதுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்பது வலி மருந்து ஆகாது.

ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். உங்களுக்கு வியர்க்கும், வியர்க்கட்டும். தோல் இல்லாத உடம்பு சூட்டைப் பிடித்துவைக்க முடியாமல் நடுங்கும். எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்ட பிறகே கட்டைப் பிரிக்க வேண்டும். காலைப் பிரித்துப் போட்டுவிட்டு ரோலர் பேண்டேஜ் தேடி ஸ்டோருக்கு ஓடுவது மன்னிக்க முடியாத காரியம். ஒரு சமயத்தில் ஒரு பகுதி. முகத்தில் தொடங்கி, அழுக்கான இடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய காஸ் துணியை சலைனில் ஊறவிட்டு, தோலோடு படுத்த வாக்கில் உரியுங்கள். மேல்நோக்கிப் பிடுங்கினால் புதிதாக வந்த பூந்தோலும் கூடவே வரும்.

பிரித்ததும் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். பச்சை படிந்து இனிப்பான வாடை அடித்தால் சூடோமோனாஸ் கிருமி குடியேறிவிட்டது. நேற்று இளஞ்சிவப்பாக இருந்த இடம் இன்று கருத்திருந்தால் அதையும் உடனே காட்டுங்கள். கழுவி, களிம்பைத் தோல் தெரியாத கனத்தில் போட்டு, காஸ், பேடு, அதற்கு மேல் பேண்டேஜ். கட்டு விரல் பக்கமிருந்து உடம்பை நோக்கி ஏற வேண்டும், நகங்கள் வெளியே தெரிய வேண்டும். கை விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுங்கள். சேர்த்துச் சுற்றினால் அவை வாத்துக் கால் மாதிரி ஒட்டிப்போகும்.

எரிந்தவருக்கு 38 டிகிரி காய்ச்சல் சாதாரணம், உடம்பின் தெர்மோஸ்டாட்டே மாறியிருக்கும். 39க்கு மேல் போனாலோ, 36.5க்குக் கீழே இறங்கினாலோ பயப்பட வேண்டும். இறங்குவதைத்தான் புதியவர்கள் கோட்டைவிடுவார்கள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று எழுதிவிடுவார்கள். நேற்று நன்றாகப் பேசியவர் இன்று உளறுவது, வயிறு உப்புவது, குழாயில் கொடுத்த பால் திரும்பி வருவது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுவது எல்லாம் ரத்தத்தில் கிருமி கலந்ததன் அறிகுறிகள்.

படுக்கும் விதம்

வலி குறைகிற மாதிரி நோயாளி எப்படிச் சுருண்டு படுக்கிறாரோ, அப்படியே தழும்பு இறுகிவிடும். கழுத்து எரிந்தவருக்குத் தலையணை கிடையாது. தோளுக்கு அடியில் மடித்த துணி வைத்துக் கழுத்து சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். காது எரிந்திருந்தாலும் தலையணை கூடாது, அழுத்தத்தில் குருத்தெலும்பு அழுகும். அக்குள் எரிந்திருந்தால் கை உடம்பிலிருந்து விலகி 90 டிகிரியில் இருக்கட்டும். முழங்கையும் முழங்காலும் நேராக, பாதம் சுவரில் ஊன்றிய மாதிரி. கையை அசையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ளின்ட் போட்டால் மணிக்கட்டு சற்று மேல்நோக்கி, விரல்கள் தொடங்கும் மூட்டு மடங்கி, விரல்கள் மட்டும் நீட்டியபடி வாத்து அலகு போல இருக்கும்.

நாம் தலையணையை எடுத்துவிட்டு வருவோம். மதியம் விசிட்டிங் நேரத்தில் அம்மா வந்து, "பாவம் புள்ள, தலை தொங்குது" என்று தன் புடவையைச் சுருட்டி வைத்துவிடுவார். அந்த அம்மாவைத் திட்டுவதால் பயனில்லை. தாடை நெஞ்சோடு ஒட்டிப்போய் ஆபரேஷனுக்கு வந்திருக்கும் ஒருவர் எப்போதும் வார்டில் இருப்பார். அவர் சம்மதித்தால் அந்த அம்மாவோடு இரண்டு நிமிடம் பேச வையுங்கள். பிறகு அந்த அம்மாவே தலையணைக்குக் காவல்.

சாப்பாடு

50 கிலோ, 40 சதவீதம் என்ற அதே பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 25 கலோரி, எரிந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 40 கலோரி என்ற பழைய கணக்குப்படி 2850 கலோரி வருகிறது. புரதம் 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் ஆறு முட்டை சாப்பிட்டாலும் பாதிகூட வராது. பால், பயறு, சத்துமாவுக் கஞ்சி, மீன், கோழி எல்லாம் வேண்டும். வாயால் முடியாவிட்டால் முதல் நாளிலிருந்தே மூக்குக் குழாய்.

இங்கேதான் பத்தியம் குறுக்கே வரும். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிக்கும், மீன் ஆகாது. கொடுத்த முட்டை அலமாரியில் அப்படியே இருக்கும், ரசம் சாதம் மட்டும் உள்ளே போகும். "சாப்பிட்டாரா?" என்று கேட்டால் "சாப்பிட்டார்" என்றே பதில் வரும். தட்டைப் பாருங்கள். கத்தரிக்காயை விட்டுக்கொடுத்துவிடலாம், அதற்காகச் சண்டை வேண்டாம். முட்டையை விட்டுக்கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை எடை.

தோல் வார்டில் இதே கை, வேறு கணக்கு

சில மருத்துவமனைகளில் தோல் வார்டுக்கும் உங்களைத்தான் அனுப்புவார்கள். பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயும், மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் டென் என்ற நிலையும் பார்க்கத் தீக்காயம் மாதிரியே இருக்கும். வலிப்பு மாத்திரையான ஃபெனிடாய்ன், கார்பமசெபின், சல்ஃபா மருந்துகள், யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால் ஆகியவை டென் வருவதற்கு அடிக்கடி காரணமானவை. ஆகவே முதல் வேலை, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையை மொத்தமாக வாங்கி டாக்டரிடம் காட்டுவது. தலைமாட்டில் ஒளித்து வைத்திருக்கும் வலிப்பு மாத்திரையை இரவில் எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. தீக்காயத்தின் வெள்ளைக் களிம்பும் சல்ஃபாதான் என்பது நினைவிருக்கட்டும்.

இவர்களின் தோலில் விரலால் லேசாகத் தேய்த்தாலே மேல்தோல் வழன்று வரும். பிளாஸ்டர் ஒட்டக் கூடாது, பி.பி. கஃப்பை நேராகச் சுற்றாமல் துணி வைத்துச் சுற்ற வேண்டும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. பெட்ஷீட்டோடு சேர்த்து நான்கு பேராகத் தூக்குங்கள். உரிந்த தோலைப் பிய்க்காதீர்கள், அதுவே ஒரு கட்டு. டென் நோயாளியின் கண்ணைக் கவனிக்காமல் விட்டால் உயிர் பிழைத்தாலும் பார்வை போகும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து, தினமும் கண் டாக்டர்.

படுக்கை விரிப்பு ஒட்டுவதுதான் பெரிய கொடுமை. அதற்கு நம் ஊரில் வாழை இலை இருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். மும்பையில் தீக்காயங்களுக்கு வாழை இலைக் கட்டைப் போட்டுப் பார்த்து ஆய்வு இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். இலையின் மெழுகுப் பூச்சில் காயம் ஒட்டுவதில்லை, குளிர்ச்சியாகவும் இருக்கும். தலைவாழை வேண்டாம், குருத்துக்கு அடுத்த இளசான இலையாக வாங்கி வரச் சொல்லுங்கள். நடுநரம்பைச் சீவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முதுகில் உறுத்தும். நன்றாகக் கழுவி, உங்கள் வார்டு வழக்கப்படி கிருமி நீக்கி, வழவழப்பான பக்கம் உடம்பில் படும்படி விரியுங்கள். சில மணி நேரத்தில் இலை வாடி ஓரம் கிழியும், அதற்குள் மாற்றிவிட வேண்டும். கிழிந்த இலை பழைய துணியைவிட மோசம்.

பெம்ஃபிகஸுக்கு ஸ்டீராய்டு நிறையப் போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மலத்தின் நிறம், வாயில் வெள்ளைப் படலம் நான்கையும் தினமும் பாருங்கள். அப்புறம், சோரியாசிஸ் முற்றி உடம்பு முழுக்கச் சிவந்து செதில் கொட்டுபவர் ஃபேனுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருப்பார். போர்வையும் லிக்விட் பாரஃபினும் அவருக்கு மருந்துக்குச் சமம். இவை எதுவும் ஒட்டுவாரொட்டி இல்லை. வீட்டில் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்கப்பட்டு வந்திருப்பார். நீங்கள் அவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதை உறவினர்கள் பார்க்கட்டும். அங்கே கிளவுஸ் தேவையில்லை என்றால் போடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

ஆறிய தோலில் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யாது. தேங்காய் எண்ணெயை ஒரு நாளில் நாலைந்து முறை தடவி நீவச் சொல்லுங்கள். தழும்பு இறுகாமலிருக்கக் கொடுக்கும் அழுத்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் பஸ்ஸில் வேலைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். அதனால் இரண்டு செட் வாங்கச் சொல்லுங்கள், ஒன்று துவைத்துக் காயும். தழும்பு அடங்க ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும். அரிப்பு இரவில் தூங்கவிடாது, அதற்கு மாத்திரை உண்டு என்பதைச் சொல்லியே அனுப்புங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

கண்ணாடி விஷயம் ஒன்று உண்டு. வார்டில் கண்ணாடி வைப்பதில்லை, ஆனால் ஜன்னல் இருக்கிறது, செல்ஃபோன் இருக்கிறது. முகம் எரிந்தவர் முதல் முறை தன்னைப் பார்ப்பது பாத்ரூமில் தனியாக நடக்க வேண்டாம். டிஸ்சார்ஜுக்குச் சில நாள் முன்பே, "பார்க்கணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, மறுபடி இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். பார்க்கிறேன் என்றால் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள், அவருக்குத் தெரியும். தானே கொளுத்திக்கொண்டவர் என்றால் மனநல டாக்டர் பார்க்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. எந்த வீட்டுக்கு, யாரோடு போகிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக, அடுத்த செக்கப் தேதியை ஓ.பி. சீட்டின் மேல் தமிழில், பெரிய எழுத்தில், கிழமையோடு எழுதிக் கொடுங்கள். பிசியோதெரபிக்கு எந்த அறை, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊருக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ற நேரத்தைப் போடுங்கள், இல்லையென்றால் வரமாட்டார்கள்.